சாப்பிடாதவருக்கு மோஷன் எதற்கு?

"அவர்தான் வாயில ஒண்ணுமே சாப்பிடலையே சார், மோஷன் எப்படி வரும்?" விபத்தில் அடிபட்டு வென்டிலேட்டரில் இருக்கும் என் மைத்துனருக்கு வயிறு உப்பிக்கொண்டே போகிறதே என்று கேட்டதற்கு டூட்டி டாக்டர் சொன்ன பதில் இது. கூட நின்ற சொந்தபந்தமெல்லாம் "அதானே" என்றது.

பிறந்த குழந்தை எந்த ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்தது? பெரும்பாலான குழந்தைகள் முதல் 24 மணி நேரத்திலேயே கரும்பச்சையாகப் போய்விடுகின்றன. ஒன்றிரண்டு நாள் போகவில்லையென்றால் குழந்தை டாக்டர் பதறுவார். அறுபது வயதுக்காரர் போகவில்லையென்றால் மட்டும் யாரும் அசைவதில்லை. மலத்தில் பெரும்பகுதி தண்ணீர். மீதியில் கணிசமான பங்கு பாக்டீரியா, உதிர்ந்த குடல் செல்கள். சாப்பாட்டுச் சக்கை அதற்குப் பிறகுதான். அதுவும் போகட்டும், மூக்கு டியூபில் வேளாவேளைக்கு ஊற்றுகிறார்களே, அது என்ன, அபிஷேகமா?

உண்மையான காரணம் தலைமாட்டுப் பம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது: ஃபென்டனில். வலிக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மார்பீன் வகை மருந்துகள் குடல் நரம்புகளையும் பிடித்துக்கொள்கின்றன. குடல் தள்ளுவதை நிறுத்துகிறது, தங்கிய மலத்தின் தண்ணீர் உறிஞ்சப்பட்டு அது கல்லாகிறது. குமட்டலும் தூக்கமும் நாளாக ஆக உடம்புக்குப் பழகிவிடும். மலச்சிக்கல் பழகாது. அதனால்தான் குடலடைப்பு இல்லையென்று பார்த்துக்கொண்டு, பம்ப் ஓட ஆரம்பிக்கும்போதே சென்னாவோ பைசகோடிலோ கொடுத்துவிட வேண்டும். உப்பிய வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளினால் வென்டிலேட்டரை எடுப்பதும் சிரமம். இறுகிய மலத்தைச் சுற்றித் தண்ணீராகக் கசிந்தால் "லூஸ் மோஷன்" என்று எழுதி, இருக்கிற மலமிளக்கியையும் நிறுத்துவார்கள்!

எங்கள் அத்தையோ இசப்கோல் டப்பாவோடு வாசலில் நிற்கிறார். தண்ணீரை உறிஞ்சி உப்புகிற உமியை, நகராத குடலுக்குள் அனுப்பினால் அடைப்பு இன்னும் இறுகும். சொன்னால் கேட்கிறாரா? "வாழைப்பழமாவது மசிச்சு விடச் சொல்லுப்பா."

சார்ட்டைப் பார்த்தேன். சிறுநீர் மணிக்கு மணி மில்லிலிட்டர் சுத்தமாக எழுதியிருக்கிறார்கள். மோஷன் கட்டத்தில் வரிசையாக "நில்". பிரசவ வார்டில் ஒரு குழந்தைக்கு இப்படி இரண்டு "நில்" விழுந்திருந்தால் மாடியே அதிர்ந்திருக்கும். பில்லில் மட்டும் எதுவும் விடுபடவில்லை: டயபர் தினமும் மூன்று. சிறுநீர் டியூபில் போகிறது, மோஷன் நில். அப்படியென்றால் மூன்று டயபரும் எதற்காக மாற்றப்பட்டன?