ரேஷனில் சர்க்கரை 2 கிலோ, பருப்பு 1 கிலோ: டெல்டா குடும்பங்கள் போட வேண்டிய கணக்கு

சம்பா அறுவடை நெருங்கும்போது மூட்டைக் கணக்கு, கூலிக் கணக்கு, கடன் கணக்கு என எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறோம். மாதந்தோறும் வீட்டுக்குள் வரும் சர்க்கரையின் கணக்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு நோயும், 13.6 கோடி பேருக்கு அதன் முன்நிலையும் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கூறுகிறது. கிராமங்களும் இதற்கு விலக்கல்ல.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலின்படி, ஒருவர் நாளொன்றுக்கு சுமார் 25 கிராம் சர்க்கரைக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒரு டீஸ்பூன் என்பது சுமார் 5 கிராம். இரண்டு ஸ்பூன் போட்ட டீ நான்கு குடித்தால் 40 கிராம். நடவு, களை எடுப்பு, அறுவடை நாட்களில் வயலுக்கு வரும் டீயும் பன்னும் பிஸ்கட்டும் சேர்ந்தால் கணக்கு இன்னும் ஏறும்.

நான்கு பேர் உள்ள அரிசி கார்டுக்கு ரேஷனில் மாதம் 2 கிலோ சர்க்கரை, கிலோ ரூ.25 விலையில் கிடைக்கிறது. ஆளுக்கு தினமும் சுமார் 17 கிராம். அதே கார்டுக்கு துவரம் பருப்பு 1 கிலோதான். ஆளுக்கு தினமும் சுமார் 8 கிராம்தான் வரும். அரிசி விலையில்லாமல் வருகிறது. தட்டில் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்து, புரதம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரி எந்தப் பக்கம்?

2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜி.எஸ்.டி. மாற்றத்தில், கார்பனேட்டட் குளிர்பானங்களுக்கு 40 சதவீத வரி வைக்கப்பட்டது. ஆனால் பிஸ்கட், சாக்லேட், நூடுல்ஸ், மிக்சர் வகைகளுக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்தது. அரசின் ஊட்டச்சத்து நிறுவனம் குறைக்கச் சொல்லும் பொருள்களே கடையில் மலிவாகின்றன. எனவே தீர்மானம் வீட்டில்தான் எடுக்கப்பட வேண்டும்.

பாக்கெட் வாங்கும்போது பின்பக்கம் ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ எத்தனை கிராம் என்று பாருங்கள். லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப் ஆகியவையும் சர்க்கரையே.

வெல்லம் தீர்வாகுமா?

அய்யம்பேட்டை சுற்றுவட்டாரத்தில் காய்ச்சும் அச்சு வெல்லம் நம் மண்ணின் பொருள். பொங்கல் தொகுப்பில் சர்க்கரைக்குப் பதில் வெல்லம் தரவேண்டும் என்ற கோரிக்கையிலும் நியாயம் உண்டு. ஆனால் அது உற்பத்தியாளரின் வருமானம் பற்றியது. உடலைப் பொறுத்தவரை வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேரும். சர்க்கரையை வெல்லமாக மாற்றுவதைவிட, அளவைக் குறைப்பதே பயன் தரும்.

தானியத்திலும் இதே கதைதான். சுத்திகரித்த அரிசி, மாவுக்குப் பதில் முழு கோதுமை, சிறுதானிய மாவுக்கு மாறினால் மட்டும் போதாது, மொத்த மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருள்களைச் சேர்க்க வேண்டும் என்பதே 2025-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் முடிவு.

வயலிலிருந்தே தொடங்கலாம்

அதற்கான வழி டெல்டா விவசாயியின் கையிலேயே இருக்கிறது. சம்பா, தாளடி அறுவடைக்கு 5 முதல் 10 நாட்களுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்து அல்லது பாசிப்பயறு தெளிக்கலாம். ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை போதும். நெல் தரிசுக்கு ஏற்ற ஆடுதுறை 3 உளுந்து நீண்டகாலமாகப் பயிரிடப்படும் ரகம். வரப்பு ஓரத்தில் உளுந்து போட்டால் நெற்பயிருக்கு நன்மை செய்யும் பூச்சிகளும் பெருகும்.

விளைந்ததை எல்லாம் வியாபாரிக்கு அளந்துவிடாமல், வீட்டுத் தேவையை முதலில் எடுத்து வையுங்கள். நான்கு பேருக்கு மாதம் 4 கிலோ பயறு என்றால் ஆண்டுக்கு 48 கிலோ. ஒரு மூட்டைக்கும் குறைவு. நன்கு காயவைத்துச் சேமித்தால் வண்டு தாக்குதல் குறையும்.

வயல் வேலை நாட்களில் இரண்டாவது டீக்குப் பதில் உப்பிட்ட மோரும் அவித்த பயறும் கொடுத்துப் பாருங்கள். டீயில் வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் சர்க்கரையைக் குறைத்தால் நாக்கும் பழகிவிடும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுவது அவசியம். மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம்.