முத்துச்சிப்பியின் பிடி வகுப்பறைக்கு வரட்டும்

முத்துச்சிப்பிக்கு ஓடுகளை மூடத்தான் தசை உண்டு. திறக்கத் தசை கிடையாது. இரண்டு ஓடுகளும் சேரும் இடத்தில் இருக்கும் ரப்பர் போன்ற இணைப்பு, ஓட்டை எப்போதும் விரிக்கப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் ஒரே ஒரு பெரிய தசை விடாமல் இழுத்து மூடி வைக்கிறது. அந்தக் காலத்தில் மன்னார் வளைகுடாவின் கடலடிப் பாறைத்திட்டுகளிலிருந்து மூழ்கி எடுத்து வந்த சிப்பிகளைக் கரையில் குவித்து நாள்கணக்கில் அழுக விட்டதற்குக் காரணம் இந்தத் தசைதான். உயிரோடு இருக்கும் சிப்பியை வெறுங்கையால் பிளக்க முடியாது. தசை அழுகினால் ஓடு தானாக விரியும். நாற்றத்தையும் ஈக்களையும் பொறுத்துக்கொண்டு மனிதர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள்.

தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரத்தில் விலங்கியல் எடுத்துப் படிக்கும் பிளஸ் 1 மாணவி தசைச் சுருக்கத்தைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறாள். ஆக்டின், மயோசின், சறுக்கும் இழைக் கோட்பாடு என எல்லாம் அதில் இருக்கின்றன. படம் வரைந்து பாகம் குறித்தால் மதிப்பெண் வந்துவிடும். அந்தப் பாடத்தின் மிகச் சுவையான உதாரணம் அவள் ஊர்க் கடலுக்குள்ளேயே கிடக்கிறது என்பதை மட்டும் யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. இது பெரிய இழப்பு.

மயோசின் ஓர் இயக்கப் புரதம். அதன் தலை ஆக்டின் இழையைப் பற்றுகிறது. பற்றிய நிலையிலேயே அதன் கழுத்துப் பகுதி சுமார் 70 பாகை திரும்புகிறது. வள்ளத்தில் துடுப்பு போடுவதைப் போலத்தான்: நீரில் ஊன்றி, இழுத்து, எடுத்து, மறுபடி முன்னே கொண்டுபோக வேண்டும். ஒரு வீச்சில் இழை நகர்வது ஏறத்தாழ 10 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு. செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி வந்து ஒட்டினால்தான் தலை பிடியை விடும். அந்த ஏடிபி சிதைந்தால்தான் கழுத்து மறுபடி பழைய கோணத்துக்குத் திரும்பும். ஏடிபி தீர்ந்துபோனால் தலைகள் பிடித்தபடியே நின்றுவிடும். பிடித்துப் போட்ட மீன் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது இதனால்தான். ஏலக்கூடத்தில் மீன் வாங்குகிறவர்கள் தினமும் தொட்டுப் பார்க்கும் விஷயம் இது.

இழைகள் ஒன்றின்மேல் ஒன்று சறுக்குகின்றன என்று 1954-இல் 'நேச்சர்' ஆய்வேட்டின் ஒரே இதழில் இரண்டு குழுக்கள் எழுதின. ஒன்றில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும், மற்றதில் ஹ்யூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இருந்தார்கள். இரு ஹக்ஸ்லிகளுக்கும் உறவு கிடையாது. தலை சாய்ந்து இழுக்கிறது என்ற விளக்கத்தை ஹ்யூ ஹக்ஸ்லி 1969-இல் முன்வைத்தார். ஆனால் அந்தக் கழுத்து வெவ்வேறு கோணங்களில் நிற்பதை அணு அளவில் காட்டிய முக்கியமான ஆய்வுகள் 1999, 2000 ஆண்டுகளில் வந்தன. அவற்றுக்குப் பயன்பட்டது ஸ்காலப் என்ற இருவோட்டுச் சிப்பியின் மயோசின். நம் முத்துச்சிப்பிக்குத் தூரத்துச் சொந்தம்!

சிப்பியின் தசையில் இன்னொரு அதிசயமும் உண்டு. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஒரு பகுதி மங்கிய கண்ணாடி போலவும், இன்னொரு பகுதி பால் வெள்ளையாகவும் தெரியும். ஆபத்து வந்தால் படக்கென்று மூடுவது முதல் பகுதி. மூடிய ஓட்டை மணிக்கணக்கில் பிடித்து வைப்பது வெள்ளைப் பகுதி. இதற்கு அது மிகக் குறைந்த ஆற்றலையே செலவிடுகிறது. நாம் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிப் பிடித்தால் சில நிமிடங்களில் கை வலிக்கும். சிப்பிக்கு அந்தச் சிக்கல் இல்லை. ட்விச்சின் என்ற புரதம் இந்தப் பிடியைக் கட்டுப்படுத்துகிறது. நரம்பு வெளியிடும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வந்தால் பிடி தளர்கிறது. பிடி நீடிக்கும்போது இழைகளைச் சேர்த்துப் பிடிப்பது மயோசின் தலைகளா, ட்விச்சினேயா என்பதில் ஆய்வாளர்களிடையே வாதம் தொடர்கிறது. விடை தேடும் இளைஞர்களுக்கு இடம் இருக்கிறது என்பதுதான் இதற்குப் பொருள்.

தூத்துக்குடிக்கு இந்தத் தசையோடு நேரடிப் பழக்கம் உண்டு. இங்கே பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுபோனது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி குழுவினர் 1973-இல் இங்கே இந்தியாவின் முதல் உருண்டை வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். முத்து உருவாவதற்கான உட்கருவைச் சிப்பிக்குள் வைக்க வேண்டுமானால் ஓடு திறந்தாக வேண்டும். சிப்பியோ உயிரோடும் இருக்க வேண்டும். கடல்நீரில் மெந்தால் தூவி அதில் சிப்பிகளைப் போட்டு வைத்தார்கள். தசை மெல்ல மயங்கி, ஓடு வாய் விரிந்தது. நூற்றாண்டுகளாக அழுக வைத்துத் திறந்ததை, உயிர் போகாமல் திறந்து காட்டியது இந்த ஊர் அறிவியல்.

இதை மாணவர்களுக்குக் காட்டப் பெரிய செலவு ஆகாது. அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையமும் மீன்வளக் கல்லூரியும் தூத்துக்குடியிலேயே இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு நாள் சுற்றுவட்டாரப் பள்ளிகளின் விலங்கியல் மாணவர்களை அழைத்தால் போதும். வாய் விரித்த சிப்பியைத் தொட்டவுடன் அது மூடும் வேகத்தைப் பார்க்கட்டும். மூடிய ஓட்டை விரலால் பிரிக்க முயலட்டும். மெந்தால் நீரில் அது விரிவதைக் கவனிக்கட்டும். உயிருள்ள எதையும் அறுக்க வேண்டியதில்லை. சமையலுக்கு வரும் ஆளிச் சிப்பியின் தசையில் மங்கல் பகுதியையும் வெள்ளைப் பகுதியையும் காட்டலாம். பள்ளிக் கல்வித் துறை இதைக் கடலோர மாவட்டங்களுக்கான செய்முறைப் பாடமாகவே சேர்க்கலாம்; ராமநாதபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இது பொருந்தும். வரும் கல்வியாண்டில் முத்தையாபுரத்துப் பள்ளிகளிலிருந்தே தொடங்கலாம்.