பாவாணர்க்கு எத்தனை மதிப்பெண்?

1981 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மதுரை மாநகரில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. அம்மாநாட்டில் 'மாந்தன் தோற்றமும் தமிழர் மரபும்' என்னும் பொருள்பற்றிப் பொழிவாற்றிய மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர், அதனையடுத்து நெஞ்சுநோய்க்கு ஆளாகி, மதுரை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பெற்று, அத்திங்களின் நடுவிலேயே உயிர்நீத்தார். அவர் வாழ்நாளெல்லாம் கனவு கண்ட செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலியின் முதற்பகுதி, அவர் மறைந்து நான்காண்டு கழிந்தபின் 1985 இல்தான் வெளிவந்தது. அம்மாபெரும் பணி 31 பகுதிகளாக நிறைவுற்றதோ 2011 இல்.

இன்று பல்கலைக்கழக ஆசிரியரின் அறிவுழைப்பை அளக்கும் முழக்கோல் ஒன்று தில்லியினின்று வந்துள்ளது. பல்கலைக்கழக நல்கைக்குழு 2018 இல் வகுத்த ஒழுங்குமுறைகளோடு இணைந்த ஆய்வு மதிப்பெண் அட்டவணையே அது. அதன்படி, நாட்டினுள் நடைபெறும் அனைத்துலக மாநாட்டில் ஆற்றும் உரைக்கு 5 மதிப்பெண். நாட்டளவிலான பதிப்பகம் வெளியிடும் நூலொன்றுக்கு 10. மொழித்துறையில், ஏற்புடையதெனக் கொள்ளப்பட்ட இதழில் வரும் கட்டுரை ஒன்றுக்கும் அதே 10. மொழிபெயர்ப்பு நூலுக்கு 8.

இக்கோலைக் கொண்டு பாவாணரை அளந்து பார்க்க. 1940 இல் வெளிவந்த 'ஒப்பியன் மொழிநூ'லுக்குப் பெருமம் 10 மதிப்பெண். அஃதாவது, எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றன் விலை. உயிரையே ஈடாகக் கொண்ட மதுரை மாநாட்டுப் பொழிவிற்கு 5. பேரகரமுதலிக்காகத் தொகுத்து வைத்து, அச்சேறுமுன் அவர் விட்டுச்சென்ற உழைப்பிற்கு ஒன்றுமில்லை. மதுரைத் தியாகராசர் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராயிருந்து, தொல்காப்பியத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1963 இல் மதுரையிலிருந்தே வெளியிட்டு, 1965 இல் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறைபுகுந்த சி. இலக்குவனார்க்கு 8. அளவுகோல் பொய்யா, அளக்கப்பட்ட மலைகள் பொய்யா என்பதைத் தமிழ்கூறு நல்லுலகே முடிவு செய்க.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். "பாவாணர்க்கு மதிப்பெண்ணும் இல்லை, ஊதியமும் இல்லை, எனினும் எழுதிக் குவித்தாரல்லரோ? மெய்யான அறிஞனுக்கு ஏந்துகள் எதற்கு?" என்பர் சிலர். தனித்தமிழ் மேடைகளிலும் இப்பேச்சு அவ்வப்போது கேட்பதுண்டு. புகழ்போலத் தோன்றி உண்மையை மறைக்கும் பேச்சு இது.

பாவாணர் 1956 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1961 இல் அப்பணி அவரைவிட்டு நீங்கியது. அப்போது அவர்க்கு அகவை 59. தமிழ்நாட்டரசு அவரை அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக அமர்த்தியது 1974 மே திங்களில், அகவை 72. இடைப்பட்ட 13 ஆண்டுகளில், நிலையான வருவாயின்றி, தென்மொழி அன்பர்கள் திங்கள்தோறும் தத்தம் குறைந்த வருவாயினின்று பகிர்ந்தளித்த உதவியோடு, 'தமிழ் வரலாறு', 'வடமொழி வரலாறு', 'திருக்குறள் தமிழ் மரபுரை', 'தமிழர் மதம்' முதலிய நூல்களை அவர் ஆக்கியது உண்மையே. ஆயின் அந்நூல்கள் தனியொருவர் தனியறையில் இருந்து எழுதத்தக்கவை. பேரகரமுதலி அத்தகையதன்று. அதற்குத் துணைவர் வேண்டும், நூலகம் வேண்டும், ஊர்தொறும் சென்று வழக்குச்சொல் தொகுக்கச் செலவுப்பணம் வேண்டும், தொடர்ச்சியான காலம் வேண்டும். இவை நான்கும் அவர்க்குக் கிட்டியபோது கதிரவன் மேற்கே சாய்ந்துவிட்டான். வறுமை அவரை எழுதச் செய்யவில்லை. வறுமை எழுதவிடாது தடுத்தவையே மிகுதி. எழுதியதைக் கண்டு வியப்போர், எழுதாமற் போனதை எண்ணி வருந்துவதும் கடன்.

ஆகலின், ஆசிரியரின் ஆய்வு விளைச்சல் எதனால் கூடும், எதனால் குன்றும் என்னும் வினாவிற்கு விடை, தனியொருவரின் ஊக்கத்தில் மட்டும் இல்லை. வையைக் கரை உழவனுக்கு இது தெரியும். விதை நன்றாயினும் கண்மாயில் நீரில்லையேல் கதிரில்லை. கல்வி வயலுக்கும் நான்கு வேண்டும்.

முதலாவது காலம். உதவிப் பேராசிரியர் கிழமைக்கு 16 மணிநேரம் நேரடியாகக் கற்பிக்கவேண்டும், மொத்தம் 40 மணிநேரம் பணியில் இருக்கவேண்டும் என்பது நல்கைக்குழுவின் விதி. எஞ்சிய 24 மணியில் ஆராயலாமே என ஏடு சொல்லும். நடப்போ வேறு. தேர்வுத்தாள் திருத்தம், சேர்க்கைப்பணி, தரமதிப்பீட்டு அவைக்கு நிரப்பவேண்டிய படிவங்கள், தரவரிசைக்கு அனுப்பவேண்டிய பட்டியல்கள் எனப் பொழுது கரைகின்றது. ஆய்வின் தரத்தை மெய்ப்பிக்கும் தாள்களை நிரப்புவதிலேயே ஆய்வுசெய்யும் நேரம் போய்விடுகின்றது.

இரண்டாவது வயிற்றுக் கவலையின்மை. மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரங்களிலும் உள்ள கல்லூரிகளில் பாடம் நடத்துவோர் பலர் நிலையான பணியினர் அல்லர். 'மதிப்புறு விரிவுரையாளர்' என்று பெயர். மதிப்பு பெயரளவில் நின்றுவிடுகின்றது. வருகை விரிவுரையாளர்க்குப் பாடவேளை ஒன்றுக்கு 1,500 உரூபா, திங்களுக்கு 50,000 உரூபா வரை வழங்கலாம் என 2019 இல் நல்கைக்குழு வகுத்தது. அத்தொகையைக் கேட்டு முனைவர் பட்டம் பெற்றோர் தெருவில் அமர்ந்து போராடிய காட்சியைத் தமிழ்நாடு பலமுறை கண்டது. அடுத்த ஆண்டு பணி உண்டா இல்லையா என அறியாதவன், பத்தாண்டு முயன்று முடிக்கவேண்டிய ஆய்வை எப்படித் தொடங்குவான்?

நிலையான பணியினர்க்கும் நிழல் நிலைக்கவில்லை. 1966 இல் மதுரைப் பல்கலைக்கழகமாகத் தோன்றி, 1978 இல் காமராசர் பெயர் தாங்கிய நிறுவனத்தை எண்ணிப் பார்க்க. அதன் முதல் துணைவேந்தர் பன்மொழிப் புலவர் தெ.பொ. மீனாட்சிசுந்தரனார். பின்னர் மு. வரதராசனார் 1971 முதல் 1974 வரையும், வ.சுப. மாணிக்கனார் 1979 முதல் 1982 வரையும் அவ்விருக்கையை அணிசெய்தனர். பதினாறே ஆண்டுகளில் தமிழறிஞர் மூவர் தலைமை தாங்கிய அப்பல்கலைக்கழகம், அஞ்சல்வழிக் கல்வி வருவாய் குன்றிய பின்னர்ப் பணநெருக்கடியில் சிக்கி, அண்மை ஆண்டுகளில் ஊதியத்தையும் ஓய்வூதியத்தையும் உரிய நாளில் வழங்க இயலாது தடுமாறியது. 2024 இல் ஆசிரியரும் அலுவலரும் ஓய்வுபெற்றோரும் கூலிக்காகக் குரலெழுப்ப நேர்ந்தது. நாகமலை அடிவாரத்தில் அறிவுக்காக எழுப்பிய நகரில் அரிசிக்கணக்குப் பார்க்கும் நிலை!

மூன்றாவது கருவி. இதனை மதுரை நன்கறியும். 1901 இல் பாண்டித்துரைத் தேவர் இந்நகரில் தமிழ்ச்சங்கம் கண்டபோது முதலில் செய்தது என்ன? கல்விச்சாலை அமைத்தார், நூலகம் அமைத்தார், அச்சகம் அமைத்தார், 1902 இல் 'செந்தமிழ்' இதழையும் தொடங்கச் செய்தார். ஆண்டுக்கு எத்தனை கட்டுரை தருவீர் எனப் புலவரை நோக்கி அவர் கேட்கவில்லை. ஏடும் நூலும் இடமும் இதழும் தந்தார். பயன் தானே விளைந்தது. ஏடுகளினின்று பழந்தமிழ் நூல்கள் அச்சேறின. ஆராய்ச்சிக் கட்டுரைகள் இதழ்தோறும் மலர்ந்தன. கருவியை முன்வைத்து விளைவைப் பின்னர் எதிர்பார்ப்பது தமிழ்முறை. கருவியைப் பறித்துக்கொண்டு விளைவைக் கணக்குக் கேட்பது இற்றைமுறை.

நான்காவது மொழி. ஏனை மூன்றனைக் கொடுத்தாலும் இஃதில்லையேல் விளைச்சல் தமிழர்க்கு வந்து சேராது. நாட்டுத் தரவரிசையில் பல்கலைக்கழகங்களுக்குரிய 100 பங்கில் 30 பங்கு ஆய்விற்கு. அந்த ஆய்வையோ சுகோப்பசு, வெப் ஆப் சயன்சு என்னும் அயல்நாட்டுத் தொகைகளைக் கொண்டு கணிக்கின்றனர். அத்தொகைகளில் தமிழிதழ்க்கு இடம் அரிதினும் அரிது. எனவே, தமிழில் எழுதும் ஆசிரியர் எழுதாதவராகவே எண்ணப்படுகின்றார். தமிழ்த்துறையினரே தமிழைப்பற்றி அரைகுறை ஆங்கிலத்தில் எழுதி, பணம் கொடுத்து வெளியிடும் நிலை தோன்றியது. பணத்திற்குப் பக்கம் விற்கும் போலியிதழ்கள் புற்றீசலாய்ப் பெருகின. நல்கைக்குழுவே 2018 மே திங்களில் தன் பட்டியலினின்று 4,305 இதழ்களை ஒருசேர நீக்க நேர்ந்தது. 2019 இல் புதுப்பட்டியல் வகுத்தது. 2025 இல் அதனையும் கைவிட்டது. கோலை வளைத்தவரே கோலை முறிக்கின்றனர். இடையில் வீணானது ஒரு தலைமுறை ஆசிரியரின் உழைப்பு.

2025 சனவரியில் வெளிவந்த வரைவு, இம்மதிப்பெண் முறையைக் கைவிட முன்வந்தது என்பது மெய்யே. ஆயின் அவ்வரைவே துணைவேந்தரைத் தேர்ந்தெடுப்பதில் மாநிலத்தின் உரிமையைக் குறைத்து ஆளுநர் கையை வலுப்படுத்தியது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அத்திங்களிலேயே அதனை எதிர்த்து முடிவெடுத்தது. ஒரு கையால் தளையைத் தளர்த்தி மறு கையால் வீட்டையே எடுத்துக்கொள்வதை விடுதலை என்று சொல்லுதல் எங்ஙனம்?

ஆங்கிலத்தில் எழுதினால்தான் உலகம் மதிக்கும் என்போர் உலகையேனும் பார்க்கட்டும். சீனம் 2020 இல் கட்டுரை எண்ணிக்கைக்குப் பரிசுப்பணம் வழங்கும் வழக்கத்தைத் தடுத்து, மதிப்பீட்டிற்கு முன்வைக்கும் கட்டுரைகளுள் மூன்றிலொரு பங்கேனும் உள்நாட்டு இதழ்களில் வந்திருக்கவேண்டும் என ஆணையிட்டது. பின்லாந்தின் எல்சிங்கி நகரின் பெயரால் 2019 இல் வெளியான அறிக்கை, அவ்வந்நாட்டு மொழிகளில் ஆய்வு வெளியிடுதலைக் காக்கவேண்டும் என வற்புறுத்தியது. தத்தம் மொழியில் எண்ணுவதை அவர்கள் இழிவெனக் கருதவில்லை. தமிழன் மட்டும் ஏன் கருதவேண்டும்?

இழப்பு எங்கே நேர்கின்றது என்பதை மதுரையைச் சூழ்ந்த நிலமே காட்டும். மாங்குளம், அரிட்டாபட்டி, அழகர்மலை, திருப்பரங்குன்றம், கொங்கர்புளியங்குளம், விக்கிரமங்கலம் எனக் குன்றுதொறும் பழந்தமிழ்க் கல்லெழுத்து நிற்கின்றது. 2014-15 இல் தொடங்கிய அகழாய்வால் கீழடி உலகறிய எழுந்தது. இவற்றினும் விரைவில் அழியக்கூடிய செல்வம் ஒன்றுண்டு. அஃது உழவர் நாவில் உள்ளது. மடை, கலிங்கு, மறுகால், நீர்பாய்ச்சி எனக் கண்மாய்ப் பாசனத்தைச் சுற்றி வழங்கும் சொற்களுள் அகரமுதலி ஏறாதவை எத்துணையோ! கண்மாய் தூர்ந்தால் சொல்லும் தூர்ந்துபோகும். முதியவர் ஒருவர் மறையும்தோறும் ஒரு சுவடிக்கட்டு எரிகின்றது. உள்ளூர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவர் நீர்வரத்துக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் ஊரூராய்ச் சென்று, ஐந்தாண்டு அவற்றைத் தொகுத்தால், அது பாவாணர் பணியின் நேரடித் தொடர்ச்சியாகும். ஆயின் அவ்வைந்தாண்டும் அவர் ஏட்டில் சுழியமே விழும். அதே காலத்தில், ஊர்ப்பக்கம் எட்டிப்பாராது பத்துக் கட்டுரையைப் பணம் கட்டி வெளியிட்டவர் மேற்பணி பெறுவார். அறிவுள்ள ஆசிரியர் எதனைத் தெரிந்துகொள்வார்? குற்றம் அவர் மேலதா, அவரை அந்நிலைக்குத் தள்ளிய முறையின் மேலதா?

நிறைந்த ஊதியமும் நிலையான பணியும் பெற்று, ஓய்வுபெறும் நாள்வரை ஒரு வரியும் எழுதாதோரும் உளர் என்பதை மறைக்கவேண்டுவதில்லை. அவர்க்காகப் பரிந்து பேசுவது இவ்வுரையின் நோக்கமன்று. ஆயினும் அவர்களை மதிப்பெண்ணும் திருத்தவில்லை. போலிக்கட்டுரை எழுதுவோராகவே மாற்றியது. சோம்பரைத் திருத்துவது அட்டவணை அன்று; படிப்போரின் எதிர்பார்ப்பு. எழுதினால் படிக்க ஆளுண்டு, பிழைபட்டால் தட்டிக்கேட்க ஆளுண்டு என்னும் நிலையில்தான் அறிஞன் விழிப்பாயிருப்பான்.

எனவே தமிழ்நாட்டரசு செய்யவேண்டுவன தெளிவு. தமிழில் வெளிவரும் ஆய்வைத் தமிழறிஞரே மதிப்பிடும் தன்னுரிமை அவையொன்று வேண்டும். அகரமுதலி, கல்வெட்டுத்தொகை, வழக்குச்சொல் தொகுப்பு ஆகிய நீள்பணிகளை ஆண்டுக்கணக்கால் அன்றி முழுமையால் மதிக்கவேண்டும். மணிக்கூலி விரிவுரையாளர்க்கு நிலையான பணியும் தகுந்த ஊதியமும் வழங்கவேண்டும். பல்கலைக்கழகங்களின் பணமுட்டை அரசே நீக்கவேண்டும்.

தமிழன்பர் செய்யவேண்டுவதும் ஒன்றுண்டு. தென்மொழி அன்பர்கள் அன்று பாவாணர்க்குத் திங்கள்தோறும் பணம் அளித்தபோது, அவர் எத்தனை பக்கம் எழுதினார் எனக் கணக்குக் கேட்கவில்லை, எழுதியதை வாங்கினர், படித்தனர், பிறரைப் படிக்கச் செய்தனர். அவருட் பலர் சிற்றூர் ஆசிரியரும் எழுத்தரும் தொழிலாளருமே. பல்கலைக்கழகமும் அரசும் காத்திருந்த 13 ஆண்டில், வறியோர் கைப்பொருளே தமிழாராய்ச்சியைத் தாங்கியது. இன்றும் தத்தம் ஊர்க் கல்லூரியில் தமிழில் ஆராய்ந்தெழுதும் ஆசிரியர் ஒருவரைத் தேடிக் கண்டு, அவர் நூலை விலைகொடுத்து வாங்கி, படித்துக் கருத்துரைப்பது ஒவ்வோர் அன்பர்க்கும் இயலும் பணியே.

தில்லி தரும் மதிப்பெண் தாளில் தங்கும். தமிழர் தரும் மதிப்பே நூலாகும். அடுத்த பாவாணர்க்கு அதனை 72 அகவை வரை காத்திராது கொடுப்பதே, மதுரை மண்ணில் மறைந்த முதற் பாவாணர்க்குச் செலுத்தும் நன்றிக்கடன்.