எண்ணெய் சுமந்தவர்களின் கதை

டிசம்பர் 4 நமக்குக் கடற்படை நாள். 1971இல் அந்த இரவில் கராச்சியைத் தாக்கிய நிபட், நிர்காட், வீர் என்னும் மூன்று ஏவுகணைப் படகுகளின் பெயர்களைப் போர் வரலாற்றில் சற்றே ஆர்வமுள்ளவர்களும் சொல்லிவிடுவார்கள். காவலுக்குச் சென்ற கில்தான், கட்சால் ஆகிய கப்பல்களையும் சிலர் நினைவில் வைத்திருக்கக்கூடும். அந்த அணியில் இன்னொரு கப்பலும் இருந்தது. போஷக் என்பது அதன் பெயர். ஊட்டி வளர்ப்பது என்று பொருள். எரிபொருள் சுமந்து சென்ற டேங்கர் அது. வெற்றிவிழா உரைகளில் அதன் பெயர் எப்போதாவது ஒலிக்குமானால் அது பேசுபவரின் பெருந்தன்மை.

பம்பாயிலிருந்து கராச்சி ஏறத்தாழ 500 கடல்மைல். அந்தப் படகுகளோ கரையோரக் காவலுக்கென்று சோவியத் நாட்டில் வடிவமைக்கப்பட்டவை. வேகம் மிகுதி, வயிறு சிறிது. அவ்வளவு தூரம் போய், தாக்கி, திரும்பி வருவது அவற்றின் எண்ணெய்த் தொட்டிகளுக்கு அப்பாற்பட்ட காரியம். ஆகவே அந்தத் திட்டத்தின் துணிச்சல் ஏவுகணையில் மட்டும் இல்லை. எண்ணெயைக் கடலுக்குள் கொண்டுபோய்க் காத்திருந்ததிலும் இருந்தது. அந்த இரவின் இலக்குகளில் கராச்சித் துறைமுகத்தின் கியமாரி எண்ணெய்க் கிடங்கும் ஒன்று. நான்கு நாள் கழித்து நடந்த இரண்டாம் தாக்குதலில் பாகிஸ்தானின் கடற்படை டேங்கரான டாக்கா பெருஞ்சேதமுற்றது. கடற்போரில் எண்ணெயின் இடம் என்ன என்பதை இரு தரப்பும் நன்றாகவே அறிந்திருந்தன. அறியாதவர்கள் கதை கேட்ட நாம்தான்.

நடுக்கடலில் எண்ணெய் ஊட்டுவது எப்படி என்று அறிந்தால் நண்பர்கள் வியப்பார்கள். இரண்டு கப்பல்களும் நிற்பதில்லை. மணிக்குப் பன்னிரண்டு, பதினைந்து கடல்மைல் வேகத்தில், ஐம்பது மீட்டருக்கும் குறைவான இடைவெளியில், இணையாகச் சென்றுகொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒரு மெல்லிய கயிற்றைச் சுட்டு அனுப்புவார்கள். அதைப் பற்றித் தடித்த கயிறு, அதைப் பற்றி எஃகு வடம், அந்த வடத்தில் தொங்கியபடி எண்ணெய்க் குழாய். இரு உடல்களுக்கு நடுவில் பாயும் நீர் கப்பல்களை ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். சுக்கான் பிடிப்பவர் ஒரு பாகை பிசகினால் போதும். மணிக்கணக்கில் இப்படியே போக வேண்டும். பகைவன் கண்ணில் பட்டால் இதைவிட எளிய இலக்கு கிடையாது. ஆயிரக்கணக்கான டன் எண்ணெய்க்கு மேல் நிற்கும் மனிதர்களுக்கு இது தெரியும். தெரிந்தேதான் நிற்கிறார்கள்.

1942 மே மாதத்தில் பவளக்கடல் போரில் அமெரிக்க டேங்கர் நியோஷோவை ஜப்பானிய வேவு விமானம் விமானந்தாங்கிக் கப்பல் என்று தவறாக அறிவித்தது. அலையலையாக விமானங்கள் வந்து அதன்மேல் குண்டுகளைக் கொட்டின. உடன் சென்ற சிம்ஸ் மூழ்கியது. நியோஷோ எரிந்து, செயலிழந்து, நான்கு நாள் மிதந்தது. உண்மையான விமானந்தாங்கிகள் அன்று அந்தத் தாக்குதலிலிருந்து தப்பின. வேறொருவருக்கு வந்த சாவை எண்ணெய்க்கப்பல் வாங்கிக்கொண்டது என்றே இதைச் சொல்ல வேண்டும்.

நம் சக்தியின் கதை இவ்வளவு கொடூரமானதன்று. ஜெர்மனியில் கட்டப்பட்டு 1976இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த டேங்கர் அது. 2006 ஜூலையில் லெபனானில் போர் மூண்டபோது, மத்தியதரைக் கடலிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த இந்திய அணி மீண்டும் அங்கே திருப்பப்பட்டது. மும்பை, பிரம்மபுத்ரா, பேத்வா ஆகிய போர்க்கப்பல்களுடன் முப்பது வயதான சக்தியும் போயிற்று. இந்தியர், இலங்கையர், நேபாளியர் என இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெய்ரூட்டிலிருந்து மீட்கப்பட்டனர். மறு ஆண்டு சக்தி ஓய்வு பெற்றது. அதே பெயரில் இத்தாலியில் கட்டப்பட்ட புதிய டேங்கர் 2011இல் சேர்ந்தது. பெருந்தொற்றுக் காலத்தில், 2021 ஆகஸ்டில், விசாகப்பட்டினத்திலிருந்து கொழும்புக்கு 100 டன் ஆக்சிஜன் கொண்டு சென்றது அந்தப் புதிய சக்திதான். எரிபொருள் சுமக்கும் உடல் மூச்சுக்காற்றையும் சுமந்தது.

இதையெல்லாம் கடலே காணாத திருமங்கலத்தில் உட்கார்ந்து ஏன் எழுத வேண்டும்? எங்கள் பக்கத்து ஊரின் பெயர் கப்பலூர். பெயரில் கப்பலை வைத்துக்கொண்டு கடலில்லாமல் கிடக்கும் அந்த ஊரில் இந்தியன் ஆயிலின் கிடங்கு இருக்கிறது. நாள்தோறும் டேங்கர் லாரிகள் எண்ணெய் ஏற்றிக்கொண்டு நான்குவழிச் சாலையில் புறப்படுகின்றன. அந்த ஓட்டுநர்களை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. வண்டி ஒருநாள் வராவிட்டால் மட்டும் பெட்ரோல் பங்கில் நின்றுகொண்டு நினைத்துக்கொள்கிறோம். சுமப்பவர் மீதான நமது பார்வை தரையில் எப்படியோ கடலிலும் அப்படியே.

கடாரம் வென்ற ராஜேந்திரனைப் பற்றி மேடைதோறும் முழங்குகிறோம். 1025இல் அந்தக் கலங்களுக்கு நன்னீரும் அரிசியும் ஏற்றியவர் யார், அதை எப்படிக் காத்தார்கள் என்ற கேள்வி முழக்கத்துக்குள் நுழைவதேயில்லை. நம் இலக்கியத்தில் கடல் இல்லாமலில்லை. வண்ணநிலவனும் ஜோ டி குரூஸும் மீனவர் கடலைத் தந்தார்கள். மதுரையில் வாழ்ந்து மறைந்த ப. சிங்காரம் போர்க்காலக் கிழக்காசியக் கடலையே ‘புயலிலே ஒரு தோணி’க்குள் கொண்டுவந்தார். ஆனால் சீருடை அணிந்து இயந்திர அறையில் வெந்து, குழாய் இழுத்து, பதினைந்து ஆண்டில் ஓய்வுபெற்று ஊர் திரும்பிய கடற்படைத் தமிழன் நம் புனைவுகளில் அரிதினும் அரிது.

போரை ஏன் இலக்கியமாக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெற்றியை மட்டும் எழுதும்போதுதான் போர் அழகாகிறது என்பது என் துணிபு. உழைப்பையும் காத்திருப்பையும் அச்சத்தையும் எழுதினால் அந்த அழகு தானே உதிர்ந்துவிடும். ஏவுகணை எரித்த டாக்காவிலும் அடுப்பு மூட்டிச் சமைத்தவர்களும் வீட்டுக்குக் கடிதம் எழுதியவர்களும் இருந்திருப்பார்கள் என்ற நினைப்பு டேங்கரின் தளத்தில் நிற்பவனுக்கே முதலில் வரும்.

1971இல் இருபது வயதாயிருந்த மாலுமிக்கு இன்று எழுபத்தைந்தை ஒட்டிய வயது. காலம் அதிகமில்லை. தளபதிகள் தங்கள் நினைவுகளை ஆங்கிலத்தில் எழுதிவிட்டார்கள். சுக்கானும் குழாயும் பிடித்தவர்களின் நினைவு தமிழில் சொல்லப்பட்டால்தான் உண்டு. ஓய்வுபெற்ற ஒரு மாலுமியாவது இல்லாத வட்டாரம் தமிழ்நாட்டில் இருக்காது. இலக்கிய அமைப்புகள் ஆண்டுக்கொரு கருத்தரங்கைக் குறைத்துக்கொண்டு, இவர்களில் பத்துப் பேரிடம் ஒலிப்பதிவுக் கருவியுடன் போய் உட்கார்ந்தாலே ஒரு நல்ல தொகுதி கிடைக்கும். வீரச்செயல்களைக் கேட்க வேண்டாம். என்ன சாப்பிட்டார்கள், எங்கே தூங்கினார்கள், இரவில் விளக்கணைத்து எண்ணெய் ஊட்டும்போது யாரை நினைத்தார்கள் என்று கேட்டால் போதும்.

2023 ஆகஸ்டில், சுமார் 19,000 கோடி ரூபாயில் ஐந்து புதிய ஆதரவுக் கப்பல்களுக்கு ஒப்பந்தமாயிற்று. அவற்றில் இரண்டைக் கட்டும் பணி சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளிக்குத் தரப்பட்டது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து நாளை இறங்கப்போகும் கப்பல்கள் அவை. அவற்றில் ஏறப்போகும் இளைஞனுக்கு, தனக்கு முன்னே போனவர்களின் கதை அவன் மொழியில் கிடைக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.