புது கம்ப்யூட்டரும் அனாமத்துக் கணக்கும்

காமர்ஸ் படிக்கிறவன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பத்தி எழுதலாமான்னு இன்ஜினியரிங் நண்பர்கள் கேக்கறதுக்கு முன்னாடியே பதில் சொல்லிடறேன். தாராளமா எழுதலாம். புதுசா அசெம்பிள் பண்ணின டெஸ்க்டாப் கிளம்பாம நிக்கிறப்ப நமக்குத் தேவை பெரிய எலெக்ட்ரானிக்ஸ் அறிவு இல்லை. கணக்கு உதைக்கும்போது எந்த வரியில தப்புன்னு தேடற பொறுமை. அது எங்க ஏரியா :-)

பதினொண்ணாவதுல அக்கவுண்டன்சி எடுத்தவங்களுக்கு இருப்பாய்வு ஞாபகம் இருக்கும். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், கடைசியில ரெண்டும் சமமா வரணும். வரலைன்னா வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்குல போட்டுட்டு, அப்புறம் நிதானமா பிழையைத் தேடணும். அங்கேயே இன்னொரு பாடமும் உண்டு. இருப்பாய்வு டேலி ஆயிடுச்சுங்கறதுக்காக கணக்கு சரின்னு அர்த்தம் இல்லை. ஒரு பில்லை முழுசா எழுதாம விட்டிருந்தாலும் டேலி ஆகும். ரெண்டு தப்பு ஒண்ணை ஒண்ணு ஈடுகட்டினாலும் டேலி ஆகும்.

மெமரி விஷயத்துல நான் சொல்ல வர்றது இது ரெண்டுதான். புது கம்ப்யூட்டர் ஆன் ஆகலைன்னா ஏதோ பார்ட் செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்லை. ஆன் ஆகி விண்டோஸ் வந்துடுச்சுன்னா எல்லாம் நல்லா இருக்குன்னும் அர்த்தம் இல்லை. முதல் தப்பு காசைத் தின்னும். ரெண்டாவது தப்பு நம்ம ஃபைலைத் தின்னும்.

முதல்ல முதல் தப்பு.

என் பெரியப்பா பையன் மளிகை மொத்த வியாபாரம் பண்றார். கடைக் கணக்குக்கும் ராத்திரி கொஞ்சம் கேமுக்கும்னு பார்ட் பார்ட்டா வாங்கி அவரே ஒரு கம்ப்யூட்டர் பூட்டினார். டிடிஆர்5 மெமரி, 16 ஜிபி ஸ்டிக் ரெண்டு. பட்டனை அழுத்தினா ஃபேன் எல்லாம் சுத்துது, லைட் எரியுது, திரை மட்டும் கறுப்பு. மதர்போர்டு ஓரத்துல மெமரிக்கான சின்ன விளக்கு எரிஞ்சுகிட்டே இருக்கு. வாங்கின கடைக்கு போன் போட்டா, "ரேம் அடிச்சிருக்கும் சார், ரெண்டையும் கழட்டிட்டு வாங்க, வேற போட்டுக்கலாம். போர்டும் சந்தேகம்தான்" அப்படின்னு பதில். அண்ணன் பாதி மனசா ஸ்க்ரூ டிரைவரைத் தேடிட்டு இருந்தார். அவர் அதைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள திரை வந்துடுச்சு!

இதுல மாயம் ஒண்ணும் இல்லை. டிடிஆர்5 மெமரி முதல் தடவை கிளம்பும்போது, பிராசஸரும் மெமரியும் எந்த நேர இடைவெளியில, எவ்வளவு வோல்டேஜ்ல பேசிக்கணும்னு தாங்களே சோதிச்சு முடிவு பண்ணிக்கும். இதுக்கு மெமரி டிரெய்னிங்னு பேர். அதுக்குச் சில நிமிஷம் பிடிக்கலாம். மெமரி அளவு கூடினா நேரமும் கூடும். அந்த நேரம் பூரா திரை கறுப்பாத்தான் இருக்கும். 2022 செப்டம்பர்ல ஏஎம்டியோட ஏஎம்5 பிளாட்ஃபார்ம் வந்தப்ப இதைப் பார்த்துப் பயந்தவங்க உலகம் முழுக்க ஏராளம். பயந்து நடுவுல கரண்டைப் புடுங்கினா, அடுத்த தடவை மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிக்கும். அதனால என் முதல் விதி: முதல் தடவை 15 நிமிஷம் சும்மா விடுங்க. டீ குடிச்சிட்டு வாங்க.

கடைக்காரரைத் திட்டறதுக்காக இதைச் சொல்லலை. அவர் பக்கம் நியாயம் இருக்கு. அவர் டிராயர்ல பத்து ஸ்டிக் கிடக்கும். ஒண்ணைக் கழட்டி ஒண்ணைப் போட்டுப் பார்க்கறதுதான் அவருக்கு மலிவான வழி. அவருக்கு நேரம் இல்லை, சரக்கு இருக்கு. நமக்கு சரக்கு இல்லை, நேரம் இருக்கு. அவரோட வைத்தியத்தை நாம காப்பி அடிச்சா நமக்குக் கட்டுப்படி ஆகாது. அதுவும் 2025 கடைசி மாசங்கள்ல ஏஐ டேட்டா சென்டர்களோட தேவையால மெமரி விலை தாறுமாறா ஏறினதைப் பார்த்தோம். மைக்ரான் நிறுவனம் தன்னோட க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே மூடப்போறதா 2025 டிசம்பர்ல அறிவிச்சது. இந்த நிலைமையில நல்லா இருக்கற ஸ்டிக்கை செத்ததுன்னு ஒதுக்கறது எவ்வளவு பெரிய செலவு!

15 நிமிஷம் ஆகியும் திரை வரலைன்னா? அப்பத்தான் பிழை தேடல். ஒரு நோட்டை எடுத்துக்குங்க. ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம்தான், அதையும் எழுதி வைக்கணும். நாலு விஷயத்தை ஒண்ணா மாத்தி, ஓட ஆரம்பிச்சதும் "அப்பாடா"ன்னு விட்டா, அது பிழையை அனாமத்துக் கணக்குல போட்டுட்டு மறந்துபோன மாதிரி. அடுத்த மாசம் வட்டியோட திரும்பி வரும்.

1. செலவில்லாததை முதல்ல பாருங்க. பிராசஸருக்குன்னு தனியா போற 8 பின் பவர் கேபிள் போட்டிருக்கா? கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா, மானிட்டர் கேபிள் அந்தக் கார்டுலதானே இருக்கு? பல பேருக்கு இங்கேயே கதை முடிஞ்சிடும்.

2. நாலு ஸ்லாட் இருக்கற போர்டுல ரெண்டு ஸ்டிக்னா, பிராசஸர் பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும்தான் பொதுவா சரியான இடம். மேனுவல்ல ஒரு தடவை பார்த்துடுங்க. ஸ்டிக்கை அழுத்தும்போது கிளிக்னு சத்தம் வரணும். ஓரம் தூக்கிட்டு நிக்கக் கூடாது.

3. ஒரே ஒரு ஸ்டிக்கை ரெண்டாவது ஸ்லாட்டுல போட்டு ஆன் பண்ணுங்க. அடுத்து அதே ஸ்லாட்டுல இன்னொரு ஸ்டிக். அப்புறம் வேற ஸ்லாட். ஒவ்வொரு தடவையும் டிரெய்னிங்குக்கு நேரம் கொடுங்க. ஒரே ஸ்லாட்டுல ஒரு ஸ்டிக் ஓடி இன்னொண்ணு ஓடலைன்னா சந்தேகம் ஸ்டிக் மேல. ரெண்டு ஸ்டிக்குமே ஒரு ஸ்லாட்டுல ஓடி இன்னொரு ஸ்லாட்டுல ஓடலைன்னா, ஸ்டிக் ரெண்டும் நிரபராதி. அப்ப மதர்போர்டையும் பிராசஸர் உட்கார்ற சாக்கெட்டையும் பாருங்க. மெமரியை நிர்வாகம் பண்ற கன்ட்ரோலர் இப்ப பிராசஸருக்குள்ளதான் இருக்கு. சாக்கெட்ல ஒரு பின் வளைஞ்சிருந்தாலும், கூலரை ஒரு பக்கமா இறுக்கியிருந்தாலும் ஒரு பக்க மெமரி காணாமப் போகும்.

4. எதுவும் நடக்கலைன்னா, பவர் கேபிளைக் கழட்டிட்டு பயாஸ் செட்டிங்கை அழிச்சிடுங்க. மேனுவல்ல சொல்லியிருக்கற ஜம்பர் வழியா செய்யலாம், இல்லைன்னா அந்த வட்ட பேட்டரியைக் கொஞ்ச நேரம் கழட்டி வைக்கலாம். கடைசியா பயாஸ் அப்டேட். பிராசஸர் இல்லாமலேயே பென் டிரைவ்ல இருந்து பயாஸ் ஏத்தற வசதி பல போர்டுகள்ல இருக்கு.

இந்தக் கணக்கைப் பார்த்துட்டு கடைக்குப் போங்க. "ரேம் போச்சுன்னு நினைக்கிறேன்"னு போறவனும், "இந்த ஸ்டிக் எந்த ஸ்லாட்டுலயும் ஓடலை, அந்த ஸ்டிக் ரெண்டு ஸ்லாட்டுலயும் ஓடுது"ன்னு போறவனும் ஒண்ணு இல்லை. ரெண்டாவது ஆள்கிட்ட யாரும் போர்டை விக்க முடியாது.

இப்ப ரெண்டாவது தப்பு. என்னைக் கேட்டா இதுதான் ஆபத்தானது, ஏன்னா இதுல சத்தமே வராது.

அண்ணனோட ஸ்டிக் பெட்டியில 6000னு பெருசா போட்டிருந்தது. பயாஸ்ல போய் அந்த வேகத்தை ஆன் பண்ணினார். ஓடுச்சு. ரெண்டு வாரம் எல்லாம் அருமை. அப்புறம் ஒரு ஜிப் ஃபைல் விரிய மாட்டேங்குது. ஒரு சாஃப்ட்வேர் பாதி இன்ஸ்டால்ல நிக்குது. நீலத் திரை வருது, தடவைக்கு ஒரு காரணம் சொல்லுது. விண்டோஸைக் குத்தம் சொல்லி ரெண்டு தடவை மறுபடி போட்டார். கடைசியில கடைக் கணக்கோட பேக்கப்பைத் திறக்கப் போனா, அது திறக்கலை. பேக்கப் எடுத்த ஃபைலே எழுதும்போது கெட்டுப்போயிருக்கு. பேப்பர் பில் எல்லாம் பத்திரமா இருந்ததால பொழைச்சார். ரெண்டு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து திரும்ப என்ட்ரி போட்டோம். அன்னைக்கு ராத்திரி மெம்டெஸ்ட்86 ப்ளஸ் ஓட்டினப்ப, 6000ல பிழை வரிசையா சிவப்புல கொட்டுச்சு. வேகத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஓட்டினா விடிய விடிய ஒரு பிழைகூட இல்லை.

பெட்டியில போட்டிருக்கற அந்த நம்பரைப் பத்திக் கொஞ்சம் பேசணும். மெமரிக்கான பொதுத் தரத்தை ஜெடெக்ங்கற அமைப்பு வகுக்குது. டிடிஆர்5 தரம் 2020 ஜூலைல வந்தது. 6000னு விக்கற ஸ்டிக்கை அப்படியே மாட்டினா, பெரும்பாலும் 4800 மாதிரி ஒரு ஜெடெக் வேகத்துலதான் கிளம்பும். 6000ங்கறது ஸ்டிக்குக்குள்ள எழுதி வெச்சிருக்கற ஒரு கூடுதல் புரொஃபைல். இன்டெல் வழியில அதுக்கு எக்ஸ்எம்பின்னு பேர், ஏஎம்டி வழியில எக்ஸ்போன்னு பேர். அதை ஆன் பண்றது ஓவர்க்ளாக்கிங்தான். ஏஎம்டி தன்னோட ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் பிராசஸர்களுக்கு அதிகாரபூர்வமா சொல்றது ரெண்டு ஸ்டிக்குக்கு 5200, நாலு ஸ்டிக்குக்கு வெறும் 3600. ரைசன் 9000 வரிசைக்கு 5600, அங்கயும் நாலு ஸ்டிக்னா 3600தான். அந்த எல்லையைத் தாண்டி ஓட்டினா வாரன்டி செல்லாதுன்னும் அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. ஆக ஸ்டிக் விக்கறவர் 6000 தர்றேங்கறார், பிராசஸர் விக்கறவர் அதுக்கு நான் பொறுப்பில்லைங்கறார். கான்ட்ராக்ட் ஆக்ட் படிச்சவங்களுக்கு இதைப் பார்த்தா சிரிப்பு வரும். நடுவுல மாட்டிக்கறது நாமதான்.

பெரும்பாலானவங்களுக்கு 6000 பிரச்னை இல்லாம ஓடும். நான் மறுக்கலை. ஆனா ஓடுதுன்னு எப்படித் தெரிஞ்சுது? விண்டோஸ் வந்தது, கேம் ஓடுச்சு. அது டேலி ஆன இருப்பாய்வு, அவ்வளவுதான். ஒரே ஒரு பிட் மாறினா ஃபோட்டோவுல ஒரு புள்ளி நிறம் மாறும், யாருக்கும் தெரியாது. அதே பிட் ஒரு தொகையில மாறினா?

சர்வர்கள்ல இதுக்காகவே பிழையைக் கண்டுபிடிச்சுத் திருத்தற இசிசி மெமரி போடறாங்க. கூகுளோட சர்வர்களை வெச்சு 2009ல வெளியான ஆய்வு ஒண்ணு, ஒரு வருஷத்துல 8 சதவீதத்துக்கு மேலான மெமரி ஸ்டிக்குகள்ல திருத்தக்கூடிய பிழை ஒண்ணாவது வந்ததா சொன்னது. எண்ணிப் பார்க்க அங்க வசதி இருந்தது, எண்ணினாங்க. நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல பெரும்பாலும் அந்த வசதி இல்லை. லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில இதைச் சொல்லித்தான் கோபப்பட்டார். சாதாரண ஜனங்களுக்கு இசிசி எட்டாமப் போனதுக்கு இன்டெல்லோட விற்பனைக் கொள்கைதான் காரணம்னு பழி போட்டார். டிடிஆர்5ல உள்ளுக்குள்ளயே இசிசி இருக்கேன்னு சிலர் சொல்வாங்க. அது சிப்புக்குள்ள வர்ற பிழைக்கு மட்டும். ஸ்டிக்குல இருந்து பிராசஸர் வரைக்கும் போற வழியில வர்ற பிழையை அது பார்க்காது.

"இவ்வளவு தலைவலிக்கு லேப்டாப் வாங்கிட்டுப் போயிடலாமே"ன்னு ஒரு நண்பன் கேட்டான். வாங்கலாம், தப்பில்லை. ஆனா லேப்டாப்லயும் இருக்கறது அதே மெமரிதான். அங்கயும் ஒரு ராத்திரி சோதிக்கறது நல்லதுதான். இன்னொருத்தன், "ராத்திரி முழுக்க சும்மா ஓட விடறது கரண்டுக்கு கேடு"ன்னான். ரெண்டு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பில் போட்டுப் பார்த்திருந்தா அப்படிச் சொல்லியிருக்க மாட்டான்.

என்னோட கோரிக்கை ரொம்ப சின்னது. புதுசா கம்ப்யூட்டர் பூட்டினா, விண்டோஸ் போடறதுக்கு முன்னாடி பென் டிரைவ்ல மெம்டெஸ்ட்86 ப்ளஸ் ஏத்தி, சாதாரண வேகத்துல ஒரு ராத்திரி ஓட்டுங்க. இலவசம்தான். அதுல ஒரு பிழை வந்தாலும் ஸ்டிக்கையோ ஸ்லாட்டையோ மேல சொன்ன மாதிரி பிரிச்சுப் பார்த்து, வாரன்டிக்குப் போங்க. ஒண்ணுதானேன்னு விடாதீங்க, கணக்குல ஒரு ரூபா உதைச்சாலும் உதைக்கிறதுதான். பிழை இல்லைன்னா புரொஃபைலை ஆன் பண்ணி இன்னொரு ராத்திரி. அதுல மட்டும் பிழை வந்தா பயாஸ் அப்டேட் பண்ணிப் பாருங்க, இல்லைன்னா 5600க்கு இறங்கி மறுபடி சோதிங்க. சொன்ன வேகம் வரலைன்னு கடையில கேக்கவும் உங்களுக்கு உரிமை இருக்கு. கேமுல நாலு ஃப்ரேம் குறைஞ்சா ஒண்ணும் குடி முழுகிடாது.

கடைகளுக்கும் ஒரு வார்த்தை. அசெம்பிள் பண்ணித் தர்றதுக்குத் தனியா கூலி வாங்கறீங்க. அந்தக் கூலியில ஒரு ராத்திரி சோதனையும் சேர்த்து, எந்த வேகத்துல ஓட்டினோம், பிழை எத்தனைன்னு பில் பின்னாடி எழுதிக் கொடுங்க. அப்படிக் கொடுக்கற கடை இருந்தா நூறு ரூபா கூட கொடுத்து அங்கதான் வாங்குவேன். நம்ம கிளாஸ்ல நாலு பேர் இந்த வருஷம் கம்ப்யூட்டர் பூட்டப் போறாங்கன்னு தெரியும். அவங்களும் இதையே கேளுங்க. நாலு பேர் கேட்டாத்தான் கடையில வழக்கமாகும்.

உங்க கம்ப்யூட்டர் கிளம்பாம நின்ன கதை ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. எந்த ஸ்டிக், எந்த ஸ்லாட்டுன்னு விவரத்தோட :-)