சாமி இல்லாத ஊரில்

மதத்தின் தேவை முடிந்துவிட்டது என்று வாதாடுகிறவர்கள் தவறாமல் கைகாட்டும் நாடு சுவீடன். காட்டட்டும். 1970களின் தொடக்கத்தில் அங்கே நூற்றுக்கு 95 பேர் சுவீடன் திருச்சபையின் உறுப்பினர்கள். இன்று பாதிக்குச் சற்று மேல். அவர்களிலும் ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவர்கள் சொற்பம். 2000 ஜனவரி 1 முதல் அரசும் திருச்சபையும் தனித்தனி.

இதை அறிவின் வெற்றி என்று மட்டும் கொண்டாடுவதை நம்மால் ஏற்க முடியவில்லை. பிள்ளை பெற்றால் சம்பளத்தோடு விடுப்பு, நோய் வந்தால் அரசு மருத்துவம், தள்ளாமையில் ஓய்வூதியம் என்று ஆனபிறகு, வேண்டிக்கொள்ளப் பெரிதாக என்ன இருக்கிறது? நம்மூரில் நேர்த்திக்கடன் செலுத்துகிறவரை மூடர் என்று ஏசுகிறவர்கள், அவர் ஊரில் ஆஸ்பத்திரி எத்தனை மைலில் இருக்கிறது என்றும் விசாரிக்க வேண்டும்.

பயம் குறைந்தால் பக்தியும் குறையும். சரி, துக்கம்? 1994 செப்டம்பர் 28 அதிகாலையில் 'எஸ்டோனியா' கப்பல் பால்டிக் கடலில் மூழ்கி 852 பேர் மாண்டார்கள். அதில் 501 பேர் சுவீடன்காரர்கள். செய்தி பரவியதும் காலியாகக் கிடந்த தேவாலயங்களுக்கு ஜனங்கள் திரண்டு வந்தார்கள். ஒரே நாளில் எல்லோருக்கும் விசுவாசம் வந்துவிடவில்லை. நாலு பேரோடு உட்கார்ந்து அழ அவர்களுக்கு வேறு இடம் தெரியவில்லை.

துக்கத்துக்கு மட்டுமல்ல, சடங்குக்கும் இதே கதைதான். பக்கத்து நார்வேயில் ஒரு வேடிக்கை. கடவுளை ஏற்காத வீட்டுப் பிள்ளைகளுக்கும் 1951 முதல் திடப்படுத்தல் (பதின்வயதில் விசுவாசத்தை உறுதிசெய்யும் தேவாலயச் சடங்கு) நடக்கிறது. வகுப்பு உண்டு, மேடை உண்டு, சான்றிதழ் உண்டு; ஜெபம்தான் கிடையாது. நம் சுயமரியாதைத் திருமணமும் இதே ரகம். அண்ணா ஆட்சி 1967இல் கொண்டுவந்த சட்டம் புரோகிதர் அவசியமில்லை என்றது. ஆனால் உறுதிமொழியோ மாலையோ மோதிரமோ தாலியோ ஏதாவது ஒன்று வேண்டும் என்றது!

எல்லாவற்றையும்விட நமக்குச் சுவையாகப் படுவது சுவீடனின் அடக்கக் கட்டணம். திருச்சபையிலிருந்து பெயரை எடுத்துவிட்டவரும் வரியோடு சேர்த்து அதைக் கட்டியே ஆகவேண்டும். ஸ்டாக்ஹோம், ட்ரானோஸ் இரண்டு நகராட்சிகள் நீங்கலாக, நாடு முழுவதும் பொது இடுகாடுகளை நடத்துவது இன்றும் திருச்சபைதான். நாத்திகருக்கும் குழி ஒதுக்குவது அதுவே. இது அநியாயம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஸ்டாக்ஹோம் நகராட்சியால் முடிகிற வேலை மற்ற ஊர்களால் முடியாததல்ல. அதை ஏற்றுக்கொள்ள ஊருக்கு நாலு பேர் முன்வரட்டும். மதம் வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்தை அதற்குப்பிறகு வைத்துக்கொள்ளலாம்.