"பந்தியின்படி" என்ற சொல்லை யார் வாசிக்கிறார்கள்?

ஆங்கில வினாத்தாளில் வாசிப்புப் பந்தி ஒன்று வந்தால் எங்கள் பிள்ளைகள் முதலில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பந்தியை வாசிப்பதில்லை. நேராகக் கேள்விக்குப் போகிறார்கள். கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பந்திக்குள் தேடுகிறார்கள். அந்தச் சொல் கண்ணில் பட்ட வசனத்தை அப்படியே பார்த்து எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவுகிறார்கள். சில டியூஷன் வகுப்புகளில் இதை ஒரு நுட்பமாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். சின்ன வகுப்புகளில் இது ஓரளவு கைகொடுக்கும். ஓ.எல். வரும்போது கைவிட்டுவிடும்.

இந்தத் தவணை தரம் 11 பிள்ளைகளுக்கு இங்கிலாந்து அரச குடும்பம் துக்கம் அனுஷ்டிக்கும் முறை பற்றி நாங்களே இரண்டு பந்திகள் எழுதிக் கொடுத்தோம். "வெள்ளக்கார ராணிட துக்கம் எங்கட புள்ளைகளுக்கு என்னத்துக்கு?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1972இல் நாடு குடியரசாகும் வரை அந்த எலிசபெத் ராணிதான் எங்களுக்கும் ராணி, 2022இல் அவருடைய நல்லடக்க நாளில் இங்கும் அரச விடுமுறை என்று ஒரு பதில் சொல்லலாம். ஆனால் உண்மையான காரணம் அதுவல்ல. தெரிந்த விடயத்தைக் கொடுத்தால் பிள்ளை பந்தியின் பக்கமே போகாது. நோன்புப் பெருநாள் பற்றி ஒரு பந்தி கொடுத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கேள்விக்கும் விடை எழுதும். அது ஞாபகப் பரீட்சை, வாசிப்புப் பரீட்சையல்ல.

முதல் பந்தி எலிசபெத் ராணியைப் பற்றியது. தலைப்பிலேயே பிரச்சினை தொடங்கியது. 'மோர்னிங்' என்று வாசித்துவிட்டுக் காலை நேரம் என்று விளங்கிக்கொண்டவர்கள் கொஞ்சப் பேரல்ல. நடுவில் நிற்கும் 'யூ' எழுத்தை அவர்கள் காணவேயில்லை. "தேசிய காலை" என்றால் என்ன என்று ஒருவர் எழும்பிக் கேட்டார். சிரிப்பை அடக்குவது கஷ்டமாகிவிட்டது.

பந்தி சொன்னது இதுதான். ராணி 2022 செப்டெம்பர் 8ஆம் திகதி காலமானார். தேசிய துக்க காலம் நல்லடக்கம் நடந்த செப்டெம்பர் 19ஆம் திகதியுடன் முடிந்தது. அரச குடும்பத்தின் துக்கம் அதன் பிறகும் ஏழு நாட்கள் தொடர்ந்தது. கேள்வி: அரச குடும்பத்தின் துக்க காலம் எந்தத் திகதியில் முடிந்தது?

அநேகமானோர் 19 என்று எழுதினார்கள். "முடிந்தது" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நின்ற திகதி அது. 26 என்ற இலக்கம் பந்தியில் எங்குமே இல்லை. யாருடைய துக்கம் என்று பிரித்துப் பார்த்து, 19உடன் ஏழைக் கூட்டினால்தான் அது கிடைக்கும். பார்த்து எழுதுகிறவருக்கு அது ஒருநாளும் கிடைக்காது.

இரண்டாவது பந்தி விக்டோரியா ராணி. 1861 டிசெம்பர் 14ஆம் திகதி கணவர் அல்பர்ட் 42 வயதில் இறந்தார். 1901 ஜனவரியில் தான் இறக்கும் வரை ராணி கறுப்பு உடைதான் உடுத்தார். நாடாளுமன்றத்தைத் திறந்து வைக்க மீண்டும் வந்தது 1866இல். அந்தக் கால இங்கிலாந்தில் ஒரு விதவை சுமார் இரண்டு வருடங்கள் துக்க உடை உடுத்த வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது.

"பந்தியின்படி, ஒரு விதவை எவ்வளவு காலம் துக்க உடை உடுத்த வேண்டியிருந்தது?" என்று கேட்டிருந்தோம். பல தாள்களில் ஒரே விடை: நான்கு மாதம் பத்து நாள்!

வீட்டில் உம்மம்மா இத்தா இருந்ததைக் கண்ட பிள்ளைகள். அல்குர்ஆன் சொல்லும் காலத்தைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கேள்வி இத்தாவைப் பற்றியதல்ல. அரைப் புள்ளியாவது போடலாமே என்று ஆசிரியர் அறையில் நல்ல வாக்குவாதம். போடவில்லை. அதற்காகச் சிவப்புக் கோடு ஒன்றை இழுத்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? தான் படித்த மார்க்கம் பிழை என்றா? ஆகவே விடையில் கோடு போடாமல், கேள்வியில் இருந்த "பந்தியின்படி" என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுக் கொடுத்தோம். வட்டத்தைப் பார்த்ததும் அநேகருக்கு விளங்கிவிட்டது.

ஆகக் கஷ்டமானது சரி, பிழை, பந்தியில் குறிப்பிடவில்லை என்ற வகைக் கேள்வி. ஐஎல்ட்ஸ் எழுதப் போகிற எங்கள் பழைய மாணவர்கள் பெருந்தொகை கட்டிப் படித்தும் புள்ளியை இழப்பது இந்த இடத்தில்தான். நாங்கள் கொடுத்த கூற்று: "கணவர் மீது இருந்த அன்பினாலேயே விக்டோரியா மறுமணம் செய்யவில்லை." மறுமணம் பற்றிப் பந்தியில் ஒரு சொல்லும் இல்லை. வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "நாப்பது வருசம் கறுப்பு உடுத்தவ, அன்பில்லாமலா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டார். இருக்கலாம். ஆனால் எந்த வரியில் இருக்கிறது? எல்லோரும் தாளைக் குனிந்து பார்த்தார்கள். அன்றைய பாடத்தில் பந்தி முழுமையாக வாசிக்கப்பட்டது அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

இது ஆங்கிலப் பாடத்தோடு நிற்கிற விடயமில்லை. "சுற்றறிக்கையில் சொல்லியிருக்கு" என்று வாட்ஸ்அப்பில் வருவதைத் திறந்து வாசித்தால், சொன்னது அதில் இருக்காது. பகிர்ந்த நூறு பேரில் ஒருவர்கூட எந்த வரி என்று கேட்டிருக்க மாட்டார். அவர்களில் படித்தவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த தவணைக்குத் தாய்லாந்து மன்னர் பூமிபோலைப் பற்றிய பந்தி தயார். 2016 ஒக்டோபர் 13இல் காலமானார், 2017 ஒக்டோபர் 26இல் தகனம், இடையில் ஒரு வருட துக்கம். திகதிகள் நிறைய இருப்பதால் பார்த்து எழுதுகிறவர்கள் நன்றாகத் தடுமாறுவார்கள். "குறிப்பிடவில்லை" என்று விடை வரக்கூடிய கூற்றுகள் இன்னும் இரண்டு தேவை. ஆங்கிலம் படிப்பிக்கிற நண்பர்கள் யாராவது எழுதி இன்பொக்ஸில் அனுப்பினால் சந்தோசம். கமெண்டில் போட வேண்டாம், பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள்.